ஏர்வாடியும் எரவாடாவும்

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில், கீழக்கரைக்கு அருகே, ஏர்வாடி என்று ஓர் ஊர் இருக்கிறது. (நெல்லைச் சீமையிலும் ஓர் ஏர்வாடி உண்டு; நான் சொல்வது தர்கா இருக்கும் ஏர்வாடி.) புனே நகரில், ஆற்றுப் பாலத்தைத் தாண்டி விமான நிலையத்துக்குப் போகும் வழியில், எரவாடா என்று ஒரு பகுதி இருக்கிறது. முன்னது என் சொந்த ஊருக்குப் பக்கம். பின்னது நான் எம்.எஸ்ஸி. படிக்க வந்த ஊரின் ஒரு மூலை. பெயர்கள் ஒலியில் ஒத்திருப்பது தற்செயல்தான். ஆனால், அவ்விரு பெயர்களையும் மக்கள் ஒரே காரியத்துக்குப் பயன்படுத்துகிறார்களே, அது தற்செயல் அன்று. எங்கள் பக்கத்தில் ஒருவன் சற்றே மாறாகப் பேசினால், "இவனை ஏர்வாடிக்குத்தான் கொண்டு போகணும்" என்பார்கள். இங்குள்ள மராத்தி நண்பர்கள் அதே பொருளில் எரவாடாவைச் சொல்கிறார்கள். சென்னைக்காரருக்குக் கீழ்ப்பாக்கம், வடநாட்டாருக்கு ஆக்ராவும் இராஞ்சியும்.

நோயின் பெயரைச் சொல்லத் தெரியாத நாம், ஊரின் பெயரைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறோம். இந்தக் கட்டுரையில் ஊர்ப்பெயரை ஒதுக்கிவிட்டு நோய்களின் பெயரைச் சொல்ல முயல்கிறேன். நான் மருத்துவ மாணவன் அல்லன், இரசாயனம் படிப்பவன். ஆயினும் இதை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. அது பெருமைப்படத்தக்க காரணம் அன்று. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு மழைக்காலம். எங்கள் விடுதியில் தமிழ் மாணவர் ஐந்து பேர் ஒன்றாகவே உண்போம், ஒன்றாகவே ஊர் சுற்றுவோம். அவர்களுள் ஒருவன் (பெயர் வேண்டா, சேலத்துப் பக்கத்துப் பையன், கணக்கில் புலி) மெல்ல மெல்ல எங்களை விட்டு விலகினான். முதலில் மெஸ்ஸுக்கு வருவதை நிறுத்தினான். சப்பாத்தி அலுத்துவிட்டது போலும் என்று நினைத்தோம். பிறகு பகல் பன்னிரண்டு வரை படுத்திருந்தான். சோம்பேறி என்றோம். விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு வராந்தாவில் நடந்துகொண்டிருப்பான் என்பது எங்களில் எவனுக்கும் தெரியாது. கிரிக்கெட் என்றால் உயிரை விடுபவன், இந்தியா ஆடும் ஆட்டத்தைப் பார்க்கக்கூட எழுந்து வரவில்லை. அப்போதாவது நாங்கள் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒரு நாள் மாலை, டீக்கடையில், அவனே பேச்செடுத்தான். "என்னவோ போல இருக்குடா. யாராவது டாக்டரைப் பார்க்கலாமான்னு தோணுது" என்றான். நான் உடனே, "என்னடா, எரவாடாவுக்கு ஆட்டோ பிடிக்கட்டுமா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதன் பிறகு மூன்று வாரம் அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு தேர்வுக்கு அவன் வரவில்லை. அறைக்குப் போய்க் கதவைத் தட்டினேன். நெடுநேரம் கழித்துத் திறந்தான். தாடியும் அழுக்குச் சட்டையுமாக நின்றவனைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு எழவில்லை. அன்று மாலையே நகரில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மருத்துவருக்கு மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் தெரியும், தமிழ் தெரியாது. அவனுக்கோ, கணக்கை ஆங்கிலத்தில் பேச வருமே தவிர, மனத்தை ஆங்கிலத்தில் பேச வரவில்லை. ஆகவே, இடையில் உட்கார்ந்து மொழிபெயர்க்கும் வேலை எனக்கு வாய்த்தது. "நெஞ்சுல கல்லை வச்ச மாதிரி இருக்கு" என்றான், சொன்னேன். "எதுவும் ருசிக்கலை" என்றான், சொன்னேன். "இருந்து என்ன பண்றதுன்னு தோணுது" என்றான். அதை மட்டும் என்னால் உடனே மொழிபெயர்க்க இயலவில்லை. ஆங்கிலம் தெரியாமல் அன்று. அந்த வாக்கியத்தை என் வாயால் சொல்ல நா எழவில்லை. மருத்துவர் பொறுமையாகக் காத்திருந்தார். பின்பு ஒருவாறு சொன்னேன்.

அவனுக்கு வந்திருந்தது மனச்சோர்வு நோய். உளநோய்களுள் மிகப் பரவலானவற்றுள் ஒன்று. துயரம் வேறு, இந்நோய் வேறு. தேர்வில் தோற்றாலோ, பாட்டி இறந்தாலோ வருவது துயரம். நல்ல செய்தி ஒன்று வந்தால் அத்துயரத்தின் நடுவிலும் சற்றே முகம் மலரும். மனச்சோர்வில் அந்த மலர்ச்சியே அற்றுப்போகிறது. மருத்துவர்கள் இதற்கு ஒன்பது அறிகுறிகளைக் கணக்கிடுகிறார்கள்: நாள் முழுதும் தாழ்ந்த மனநிலை, முன்பு விரும்பியவற்றில் நாட்டமின்மை, உறக்கம் கெடுதல் அல்லது மிகுதல், பசியும் உடல் எடையும் மாறுதல், களைப்பு, பேச்சும் நடையும் மந்தமாதல் அல்லது இருப்புக்கொள்ளாமல் தவித்தல், தான் எதற்கும் பயனற்றவன் என்ற எண்ணமும் காரணமற்ற குற்ற உணர்வும், கவனம் சிதறல், சாவைப் பற்றிய நினைவு. இவற்றுள் ஐந்தேனும் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் நீடித்தால், அவ்வைந்தில் முதலிரண்டில் ஒன்றாவது இருந்தால், அது நோய் என்று கொள்ளப்படும். என் நண்பனிடம் ஏழு இருந்தன. டீக்கடையில் என் எதிரே உட்கார்ந்திருந்த அன்றே ஏழும் இருந்திருக்க வேண்டும்.

நம்மவர்களிடம் இந்நோய் வேடமிட்டு வரும் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். "எனக்குச் சோகமாக இருக்கிறது" என்று சொல்லி எந்தத் தமிழனும் வைத்தியரிடம் போவதில்லை. தலை கனக்கிறது, உடம்பெல்லாம் வலி, வயிற்றில் எரிச்சல், வாயு, அசதி என்றே போகிறான். பொய் சொல்கிறான் என்பதில்லை. மனத்தின் நோய் உடம்பில் அவ்வாறே தோன்றுகிறது. மறுபுறம், உடம்பின் நோயும் மனநோயின் வேடத்தில் வரும். தைராய்டுச் சுரப்பி குன்றினால் மனச்சோர்வு போலவே தோன்றும். அது மிகையாகச் சுரந்தால் பதற்றம் போலத் தோன்றும். வைட்டமின் பி12 குறைந்தாலும் சோர்வும் மறதியும் வரும். ஆகையால், மனநல மருத்துவர் முதலில் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தால், "நான் மனத்தைச் சொன்னால் இவர் ஊசியைக் காட்டுகிறாரே" என்று நொந்துகொள்ள வேண்டா.

அடுத்து, பதற்ற நோய்கள். தேர்வுக்கு முன் வயிற்றைக் கலக்குவது எவருக்கும் உள்ளது. அது வராதவன்தான் அதிசயப் பிறவி. ஆனால் காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆறு மாதத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் கவலை அரித்துக்கொண்டே இருந்து, தசை இறுகி, உறக்கம் கெட்டு, எரிச்சல் மிகுந்தால் அது நோய். இதன் இன்னொரு வடிவம் திகில் தாக்குதல். திடீரென்று நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், கை மரத்துப்போகும், வியர்த்துக் கொட்டும், "இதோ செத்துவிட்டேன்" என்று தோன்றும். பத்து நிமிடத்துக்குள் உச்சத்தை எட்டிப் பிறகு தணியும். மாரடைப்பு என்று எண்ணி நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடுபவர் பலர். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, "உனக்கு ஒன்றுமில்லை, போ" என்று அனுப்பிவிடுவார்கள். இருதயத்துக்கு ஒன்றுமில்லை என்பது மெய். அவனுக்கு ஒன்றுமில்லை என்பது மெய்யன்று. நெஞ்சுவலியை முதல் முறை மருத்துவரிடம் காட்டித்தான் ஆகவேண்டும். ஆனால், இருதயம் நன்றாயிருக்கிறது என்று தெரிந்த பின்பும் அது திரும்பத் திரும்ப வந்தால், அடுத்து எங்கே போகவேண்டும் என்று யாராவது சொல்ல வேண்டும் அன்றோ?

எண்ண சுழற்சி நோய் என்பது வேறு வகை. கையில் அழுக்கு ஒட்டியிருக்கிறது என்ற எண்ணம் வரும், கழுவுவான், மீண்டும் அதே எண்ணம் வரும், மீண்டும் கழுவுவான். தோல் உரியும் வரை கழுவுவான். சிலர் அறையைப் பூட்டினோமா என்று பத்து முறை திரும்பி வருவார்கள். இன்னும் சிலருக்குச் செய்கை எதுவும் வெளியே தெரியாது. கோயிலில் நிற்கும்போது தகாத எண்ணம் ஒன்று மனத்தில் புகுந்து சுழலும். அதற்குக் கழுவாயாக ஒரு சொல்லை உள்ளுக்குள் நூறு முறை சொல்லுவார்கள். இதன் கொடுமை யாதெனில், பெரும்பாலோருக்குத் தாம் செய்வது பொருளற்றது என்று தெரியும். தெரிந்தும் நிறுத்த இயலாது. அந்த வெட்கத்தால் ஆண்டுக் கணக்கில் மறைத்துவிடுகிறார்கள். மேசையை ஒழுங்காக அடுக்கி வைப்பவனை எல்லாம் இந்நோய்க்காரன் என்று கேலி செய்வது இப்போது நம் வகுப்புகளில் ஒரு நாகரிகமாகிவிட்டது. மெய்யாகவே அந்நோய் உடையவன் அதே வகுப்பில் மேசைக்கு அடியில் கையை ஒளித்துக்கொண்டிருப்பான்.

இருமுனை நோயில் மனம் ஊஞ்சல் போல் இரு கோடிகளுக்கும் போய் வரும். ஒரு கோடி, மேலே சொன்ன சோர்வு. மறு கோடி, களிவெறி. இரண்டு மூன்று மணி நேரமே உறங்குவான், களைப்பே இராது. ஓயாமல் பேசுவான், கடன் வாங்கிச் செலவிடுவான், உலகையே மாற்றப் போகும் திட்டம் ஒன்று கைவசம் இருக்கும். விடுதியில் இத்தகையவனைக் கண்டால், "பையன் சுறுசுறுப்பாகிவிட்டான்" என்று மகிழ்வோமே தவிர நோய் என்று எண்ணமாட்டோம். இந்நோயைப் பற்றி இரசாயன மாணவன் பெருமையோடு சொல்லக்கூடிய செய்தி ஒன்று உண்டு. 1949ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்னும் மருத்துவர், லிதியம் உப்பு களிவெறியைத் தணிப்பதைக் கண்டார். தனிம வரிசையில் மூன்றாவது, உலோகங்களிலெல்லாம் இலேசானது, அதன் எளிய உப்பு ஒன்று கலங்கிய மனத்தை நிலைநிறுத்துகிறது! இன்றும் அம்மருந்து வழக்கில் இருக்கிறது. அது குறைந்தால் பயனில்லை, சற்று மிகுந்தால் நஞ்சு என்பதால், இரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது சோதித்துக்கொண்டே கொடுக்கிறார்கள்.

இனி, ஊர்ப்பெயர்களை எல்லாம் சம்பாதித்துக் கொடுத்த நோய்: மனச்சிதைவு. பிறர் எவருக்கும் கேளாத குரல்கள் கேட்கும். அயலார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள், தொலைக்காட்சி தனக்கே செய்தி அனுப்புகிறது, உணவில் நஞ்சு கலந்திருக்கிறார்கள் என்ற அசையாத நம்பிக்கைகள் எழும். பேச்சு கோவையற்றுப் போகும். இவை வெளிப்படையானவை. ஆனால் பல நேரங்களில் இவற்றுக்கு முன்பே ஓசையின்றி ஒரு காலம் கழிகிறது. நண்பர்களை விட்டு விலகுவான், குளிக்கமாட்டான், மதிப்பெண் சரியும், முகத்தில் உணர்ச்சி வற்றும். ஆண்களிடம் இது பதின்வயதின் இறுதியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுவது மிகுதி. அதாவது, நம் வயதில். பொதுவாகவே மனநோய்கள் முதியோர்க்கு உரியவை அல்ல. 2005இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வின்படி, வாழ்நாளில் மனநோய் காண்போரில் பாதிப்பேருக்கு 14 வயதுக்குள்ளும் முக்கால் பங்கினருக்கு 24 வயதுக்குள்ளும் அது தொடங்கிவிடுகிறது. எனக்கு 23.

மனச்சிதைவைப் பற்றித் தமிழரிடையே ஒரு பெருங்குழப்பம் உண்டு. ஓர் உடம்புக்குள் இரண்டு மூன்று ஆட்கள் குடியிருப்பதே மனச்சிதைவு என்று எண்ணுகிறோம். சந்திரமுகி, அந்நியன் ஆகிய இரு படங்களும் 2005இல் வந்தன. நம் தலைமுறை உளநூல் கற்றது அக்கொட்டகைகளில்தான். அப்படங்கள் காட்டுவது மிக அரிதான வேறொரு கோளாறு. அதையும் சினிமாவுக்கு வேண்டிய அளவு பெருக்கிக் காட்டுகின்றன. குழப்பத்தில் பெயருக்கும் பங்குண்டு. 1908இல் சுவிஸ் மருத்துவர் யூஜென் பிளாய்லர் கிரேக்கச் சொற்களைக் கொண்டு 'ஸ்கிஸோஃப்ரினியா' என்று பெயரிட்டார். 'பிளந்த மனம்' என்பது அதன் பொருள். எண்ணமும் உணர்ச்சியும் தம்முள் இசைவிழந்து போவதையே அவர் கருதினார். ஆள் இரண்டாவதை அன்று. அப்பெயரே நோயாளிகளுக்கு இழிவாகிறது என்று கருதி ஜப்பானியர் 2002இல் தம் மொழியில் இந்நோயின் பெயரையே மாற்றிவிட்டனர். நம் 'பைத்தியம்' என்ற சொல்லும் ஒரு காலத்தில் வசவாக இருந்ததில்லை. பித்தம் என்பதிலிருந்து வந்தது அது. உடம்பில் பித்தம் மிகுந்தவன் என்ற வைத்தியப் பேச்சு. சிவபெருமானுக்கே பித்தன் என்று ஒரு பெயர் உண்டே.

படம் என்றதும் இந்த ஊர்க்காரர்கள் எடுத்த படம் ஒன்று நினைவுக்கு வருகிறது. சுமித்ரா பாவே, சுனில் சுக்தங்கர் இருவரும் எடுத்த 'தேவ்ராயி' (2004). தேவ்ராயி என்றால் நம் ஊர்க் கோயிற்காடு. மனச்சிதைவு கண்ட ஓர் இளைஞனும் அவனைக் கவனித்துக்கொள்ளும் சகோதரியுமே கதை. அதுல் குல்கர்ணி அவ்விளைஞனாக நடித்தார். பேயோட்டம் இல்லை, கத்தி இல்லை, பழிவாங்கல் இல்லை. ஒரு குடும்பம் என்ன பாடுபடுகிறது என்பது மட்டும் இருக்கிறது. மராத்தி அரைகுறையாகவே தெரிந்த எனக்கு, அந்நோயைப் பற்றிப் பத்துக் கட்டுரை படித்ததைக் காட்டிலும் அது மிகுதியாக விளங்க வைத்தது. புனேயில் மனச்சிதைவுக்கென்றே ஒரு விழிப்புணர்வுச் சங்கம் 1997 முதல் இருந்துவருவதும் நம்மவர் பலருக்குத் தெரியாது. கானடாவில் கால்கரிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜகந்நாத் வாணி, தம் மனைவிக்கு இந்நோய் கண்ட அனுபவத்தின் விளைவாக அதைத் தொடங்கினார்.

இனி ஏர்வாடிக்கு வருவோம். அங்குள்ள தர்காவுக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் வேற்றுமையின்றி வருவார்கள். மனம் கலங்கியவர்களைக் கொண்டுவந்து தங்கவைத்தால் தெளியும் என்பது நெடுநாள் நம்பிக்கை. நம்பிக்கையைக் குறைகூற நான் வரவில்லை. எங்கள் குடும்பத்திலேயே போனவர்கள் உண்டு. ஆனால், அந்நம்பிக்கையைச் சுற்றித் தனியார் விடுதிகள் முளைத்தன. பணம் வாங்கிக்கொண்டு நோயாளிகளைக் கொட்டகைகளில் சங்கிலியால் பிணைத்து வைத்தனர். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், விடியும் முன், அத்தகைய ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். நான் பிறந்த ஆண்டு அது. எங்கள் வீட்டில் என் வயதைக் கணக்கிடுவதே "ஏர்வாடி தீயிலே" என்றுதான்.

அரசு உடனே அவ்விடுதிகளை மூடியது. உச்ச நீதிமன்றமும் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. பின்னர் இயற்றப்பட்ட 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்வகையாலும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்று எழுதி வைத்திருக்கிறது. நோயாளியின் செய்தியை அவர் இசைவின்றி வெளியிடலாகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. கல்லூரிக்குத் தெரிந்துவிடுமோ, வேலை கிடைக்காமல் போகுமோ என்று அஞ்சும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவேண்டும். தர்காக்களைப் பொறுத்தவரை அறிவான வழி ஒன்றும் பிறந்தது. முதலில் குஜராத்தில் மீரா தாதார் தர்காவிலும், பின்பு ஏர்வாடியிலும், வேண்டுதலுக்கு வருபவர்களுக்கு அங்கேயே மனநல மருத்துவர் மருந்தும் கொடுக்க ஏற்பாடாயிற்று. 'தவா – துஆ' என்று அதற்குப் பெயர், மருந்தும் பிரார்த்தனையும். "ஓது, மாத்திரையையும் போடு" என்று எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இதைச் சுருக்கமாகச் சொல்வார்.

அந்தக் கொட்டகைகளைப் பார்த்துவிட்டு, அக்காலத்தில் வேறு வழி இல்லை போலும் என்று எண்ணிவிடலாகாது. வழி இருந்தது. நம் நாட்டிலேயே, சர்ப்பகந்தி வேரின் குணத்தை 1931ஆம் ஆண்டிலேயே கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர் ஆராய்ந்து எழுதியிருந்தனர். வெறியைத் தணிக்க மக்கள் காலங்காலமாக வழங்கிய வேர் அது. 1952இல் பாரிஸ் மருத்துவர்கள் குளோர்ப்ரோமசின் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டனர். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1957இல் தொடங்கிய மனநல நிலையத்தில், நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்க வேண்டும் என்ற முறையை வைத்தனர். சென்னைக் கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்கு வரலாறு இன்னும் பழையது. 1794இல் சென்னையில் தோன்றிய காப்பகத்தின் வழிவந்து, 1871 முதல் இப்போதைய இடத்தில் இருக்கிறது. அங்கே 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். ஓய்வுக்குப் பிறகு 1984இல் அவர் சென்னையில் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான 'ஸ்கார்ஃப்'பைத் தொடங்கினார். 2021இல், 98 வயதில் காலமானார். சென்னையில் 1980களின் தொடக்கத்தில் முதன்முறையாக இந்நோய் கண்ட 90 பேரைத் தேர்ந்து, டாக்டர் தாரா முதலியோர் ஆண்டுதோறும் தொடர்ந்து பார்த்தனர். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது பெரும்பாலோர் நல்ல நிலையில் இருந்தனர். மனச்சிதைவு வந்தால் வாழ்வு முடிந்தது என்போர்க்கு நான் காட்டும் சான்று இதுதான்.

எரவாடாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2,540 படுக்கைகளுக்கு இடமுள்ள அந்த அரசு மனநல மருத்துவமனை, நாட்டின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. பக்கத்திலேயே காந்தியடிகள் இருந்த சிறை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிச் சொல்லி, மருத்துவமனையும் ஒரு சிறையே என்ற நினைப்பு நமக்குள் ஊறிவிட்டது. ஆனால், மனநோய் கண்டவருள் மிகப் பெரும்பாலோர் எந்த மருத்துவமனையிலும் சேர வேண்டியதே இல்லை. பல்வலிக்குப் போவது போல் போய், மருத்துவரைக் கண்டு, மாத்திரையோ பேச்சு வழிச் சிகிச்சையோ பெற்று, பஸ் ஏறி வந்துவிடுகிறார்கள். என் நண்பனும் அப்படித்தான் வந்தான். 2015–16இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் எடுத்த கணக்கின்படி, வயதுவந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 10.6 பேருக்கு ஏதேனும் ஒரு மனநோய் இருந்தது. நோய்க்கு ஏற்ப அவர்களுள் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாதிருந்தனர். மருத்துவர் குறைவு ஒரு காரணம். செலவு ஒரு காரணம். டீக்கடைச் சிரிப்பும் ஒரு காரணம் என்று நான் சேர்த்துக்கொள்கிறேன்.

மருந்தைப் பற்றி மாணவர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டு. பழகிவிடுமா? மனச்சோர்வுக்கு இன்று பெரிதும் வழங்கும் மருந்துகள் போதை தருபவை அல்ல. உறக்க மாத்திரைகளும் அல்ல. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றலும் எரிச்சலும் வரும். ஆகவே மருத்துவர் சொற்படி படிப்படியாகத்தான் நிறுத்தவேண்டும். எத்தனை நாளில் குணம் தெரியும்? இரண்டு முதல் நான்கு வாரம், சில வேளை ஆறு. முதல் வாரத்தில் வயிற்றுப் புரட்டல்தான் தெரியும், குணம் தெரியாது. என் நண்பன் எட்டாம் நாள் மாத்திரைப் பட்டையை மேசைமேல் எறிந்துவிட்டான். மருத்துவர் முன்கூட்டியே எங்களிடம் சொல்லிவைத்திருந்ததால் தப்பித்தோம். இம்மருந்துகள் மூளையில் செரட்டோனின் என்னும் பொருளின் மீது செயல்படுகின்றன என்பது மெய். ஆனால், செரட்டோனின் குறைவுதான் மனச்சோர்வு என்று பலரும் சொல்லும் எளிய கணக்கு நிறுவப்பட்டதன்று. சோதனைக் குழாயில் அடங்கும் நோயாக இருந்தால் எங்கள் துறை அதை என்றோ முடித்திருக்கும்.

நண்பனிடம் இவற்றுள் எதையேனும் கண்டால் என்ன செய்வது? "மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்பது காலொடிந்தவனை நடந்து பழகச் சொல்வது போன்றது. "உனக்கென்ன குறை?" என்பது அதனினும் தீது; குறை தெரியாமல்தான் அவன் தவிக்கிறான். கண்டதை அப்படியே சொல்லலாம்: "பத்து நாளா நீ சரியா சாப்பிடலை, தூங்கலை. என்னடா?" பிறகு வாய் மூடிக் கேட்க வேண்டும். சாகும் எண்ணம் உண்டா என்று நேரே கேட்கலாம். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பது மருத்துவர்கள் உறுதியாகச் சொல்வது. பலருக்கு அப்போதுதான் பாரம் இறங்குகிறது. உண்டு என்றால், அவனைத் தனியே விடாமல் உடன் இருந்து, அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போகவேண்டும். சட்டத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. அத்தகைய முயற்சியில் இறங்கியவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவர் என்றே 2017ஆம் ஆண்டுச் சட்டம் கொள்கிறது. அரசு அவருக்குச் சிகிச்சை அளிக்கவேண்டும் என்றும் அது சொல்கிறது. 2022 அக்டோபரில் மைய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' என்ற தொலைபேசி உதவி இரவும் பகலும் உண்டு; கட்டணம் இல்லை; எண் 14416. தமிழிலும் பேசலாம். நெஞ்சில் கல் வைத்தது போல் இருக்கிறது என்பதை அங்கே அப்படியே தமிழில் சொல்லலாம்.

என் நண்பன் ஒரு பருவம் பின்தங்கிப் போனான். இப்போது மீண்டும் வகுப்புக்கு வருகிறான். மாத்திரை இன்னும் உண்டு. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எங்கள் எதிரிலேயே போட்டுக்கொள்கிறான். இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அவனிடம் காட்டினேன். டீக்கடைப் பகுதியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "அதை எடுத்தா மத்ததை யாரு படிப்பான்?" என்றான்.

சங்கத்து உறுப்பினர்களுக்கு ஒரு செய்தி. மருத்துவரிடம் போக விரும்பி, மராத்தியிலோ ஆங்கிலத்திலோ மனத்தைச் சொல்ல வரவில்லை என்பவர்கள் என்னிடம் சொல்லலாம். உடன் வந்து மொழிபெயர்க்கிறேன். இம்முறை தடுமாறமாட்டேன் என்று நினைக்கிறேன். ஆட்டோக் கட்டணம் ஆளுக்குப் பாதி.